சரிபார்ப்பு ஏற்கிறது, இணைப்பு மறுக்கிறது: யூஆர்எல், இணைப்புச் சரம் ஆகியவற்றில் அறிகுறி கொண்டு பிழை தேடுதல்

யூஆர்எல் என்ற இணைய முகவரியும், தரவுத்தளத்தில் இணையத் தேவையான விவரங்களைத் தரும் இணைப்புச் சரமும் நம் கண்ணுக்கு ஒரே வரி. அவற்றைப் படிக்கும் மென்பொருளுக்கோ அவை தனித்தனிப் பாகங்கள்: நெறிமுறை, பயனர் பெயர், கடவுச்சொல், ஹோஸ்ட் (இணைய வேண்டிய கணினியின் பெயர்), போர்ட் (அந்தக் கணினியில் சேவைக்குரிய எண்), பாதை, வினவல் (? குறிக்குப் பின் வருவது). எழுதியவர் நினைத்த இடத்தில் வெட்டப்படாமல் அந்த வரி வேறோர் இடத்தில் வெட்டப்படுவதுதான் பெரும்பாலான பிழைகளின் வேர். ஆகவே அறிகுறி எதுவாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றே. சரத்தை முழுதாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல், உண்மையில் இணையப்போகும் நூலகம் அதை எப்படிப் பிரிக்கிறது என்று பாகம் பாகமாக அச்சிட்டுப் பாருங்கள். கடவுச்சொல்லை மட்டும் அச்சிட வேண்டாம். அதன் நீளத்தை அச்சிட்டால் போதும்.

கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள எங்கள் சிறிய அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்ந்த குறிப்புகளே கீழே விரிவாக வருகின்றன. காட்டியிருக்கும் சரங்களில் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். கவனிக்க வேண்டியது நிறுத்தற்குறிகள் நிற்கும் இடத்தை.

அறிகுறி: ‘ஹோஸ்ட் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ அல்லது ‘போர்ட் எண் செல்லாது’

ஹோஸ்ட் பெயரும் போர்ட் எண்ணும் சரியாக இருந்தும் இந்தச் செய்தி வந்தால், சந்தேகப்பட வேண்டியது கடவுச்சொல்லை.

முன்பு நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை தரவுத்தளக் கடவுச்சொல்லை மாற்றினோம். பயன்பாடு தொடங்கும்போதே இணைப்புச் சரத்தைச் சரிபார்க்கும் நிரல் ஒன்று பைதானில் இருந்தது. அது எந்தக் குறையும் சொல்லவில்லை. அரை மணித்தியாலம் கழித்து என்னுடன் வேலை செய்த தம்பி வந்து, “செக் எல்லாம் பாஸ், ஆனா கனெக்ட் ஆகுதில்லை அண்ணா” என்றார். புதிய சரம் ஏறத்தாழ இப்படி இருந்தது:

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்://கடை:மழை@2024@தரவகம்:5432/விற்பனை

இதில் இரண்டு @ குறிகள் உள்ளன. பைதானின் யூஆர்எல் பகுப்பான் (சரத்தைப் பாகங்களாகப் பிரிக்கும் நிரல்) கடைசி @ குறியில் வெட்டுகிறது. எனவே அதற்குக் கடவுச்சொல் ‘மழை@2024’, ஹோஸ்ட் ‘தரவகம்’. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் சொந்த நூலகமான லிப்பிக்யூ முதல் @ குறியிலேயே வெட்டிவிடுகிறது. அதற்குக் கடவுச்சொல் ‘மழை’, ஹோஸ்ட் ‘2024@தரவகம்’. அப்படியொரு ஹோஸ்ட் உலகில் இல்லாததால் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது. இரண்டு பகுப்பான்களில் எது சரி என்று வாதிடுவதில் பயனில்லை, ஏனெனில் யூஆர்எல் எழுதும் முறையை வகுத்து 2005 ஜனவரியில் வெளிவந்த ஆர்எஃப்சி 3986, அந்த இடத்தில் வெறும் @ குறியை அனுமதிக்கவே இல்லை. எங்கள் பிழை வேறு: ஒரு பகுப்பானைக் கொண்டு சரிபார்த்துவிட்டு, இன்னொரு பகுப்பானிடம் சரத்தை ஒப்படைத்தோம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருப்பதானால், இதை வைத்திருங்கள். பைதானிலிருந்து போஸ்ட்கிரெஸில் இணைய சைக்கோபிஜி 2 நூலகத்தைப் பயன்படுத்துவோர், அதன் நீட்சித் தொகுதியிலுள்ள ‘பார்ஸ் டிஎஸ்என்’ செயற்கூறைக் கொண்டே சரிபார்க்கலாம். அது லிப்பிக்யூவையே கேட்டுப் பதில் சொல்கிறது.

# குறி இருந்தால் அறிகுறி மாறும். ‘கடை:மழை#2024@தரவகம்:5432’ என்ற சரத்தில், ஹோஸ்ட் இருக்க வேண்டிய பகுதி # குறியோடு முடிந்துவிடுகிறது. எஞ்சுவது ‘கடை:மழை’ மட்டுமே. இப்போது ‘கடை’ ஹோஸ்டாகவும் ‘மழை’ போர்ட் எண்ணாகவும் படிக்கப்படுகின்றன. கோ மொழியில் இதற்கு வரும் பிழைச்செய்தி, போர்ட் செல்லாது என்று சொல்லும்போது அந்தப் ‘போர்ட்’ என்ன என்பதையும் எழுதிக் காட்டும். அதாவது கடவுச்சொல்லின் முதற்பாதி பதிவுக் கோப்பில் போய் உட்கார்ந்துவிடும். அந்தச் செய்தியைக் கண்டால், சரத்தைத் திருத்துவதோடு கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

திருத்தம் எளிது. கடவுச்சொல்லில் வரும் @ குறியை %40 என்றும், # குறியை %23 என்றும், % குறியையே %25 என்றும் குறியாக்கம் செய்ய வேண்டும் (இதுவே விழுக்காட்டுக் குறியாக்கம்). கையால் செய்யாமல் நூலகத்தைக் கொண்டு செய்யுங்கள், ஆனால் சரியான செயற்கூறைத் தேர்ந்தெடுங்கள். பைதானின் ‘கோட்’ செயற்கூறு, சொல்லாமல் விட்டால் சாய்கோட்டைக் குறியாக்காமல் விட்டுவிடும். அதன் ‘சேஃப்’ அளவுருவை வெற்றாகக் கொடுக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் ‘என்கோட் யூஆர்ஐ’ போதாது, ‘என்கோட் யூஆர்ஐ காம்பொனன்ட்’ வேண்டும். என் விருப்பம் இதைவிட நேரானது: நூலகம் அனுமதித்தால் ஹோஸ்ட், பயனர், கடவுச்சொல் ஆகியவற்றைத் தனித்தனி அளவுருக்களாகவே கொடுத்துவிடுவது. சரமாக ஒட்டி, மறுபடி வெட்டுவதற்கு அவசியமே இராது.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் பக்கத்தில் இதே பிழை அரைப்புள்ளியால் வருகிறது. அங்கே சரம் ‘திறவுகோல்=மதிப்பு;’ என்ற வடிவில் இருப்பதால், கடவுச்சொல்லில் அரைப்புள்ளி இருந்தால் மதிப்பு முழுவதையும் மேற்கோளுக்குள் இட வேண்டும். விழுக்காட்டுக் குறியாக்கம் அங்கே வேலை செய்யாது.

அறிகுறி: ஹோஸ்ட் கிடைக்கிறது, ஆனால் ‘கடவுச்சொல் தவறு’ என்கிறது

நீளத்தை அச்சிடச் சொன்னது இந்த இடத்திற்காகத்தான். கடவுச்சொல் 12 எழுத்துருக்கள் (எழுத்து, இலக்கம், குறி எதுவும் ஒன்றாக எண்ணப்படும்) என்று வைத்துக்கொள்வோம்.

அச்சில் 13 வந்தால் முதலில் வரிமுறிவைத் தேடுங்கள். குபர்னெட்டிஸ் என்ற சேவையக மேலாண்மை மென்பொருளுக்கான இரகசியங்களை பேஸ்64 என்ற குறியாக்கத்துக்கு மாற்றும்போது ‘எக்கோ’ கட்டளை இறுதியில் ஒரு வரிமுறிவைச் சேர்க்கும். அதுவும் குறியாக்கத்துக்குள் போய்விடும். ‘எக்கோ’வுக்குப் பதிலாக ‘பிரின்ட்எஃப்’ பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. வரிமுறிவு இல்லையென்றால், கண்ணுக்குத் தெரியாத இன்னோர் எழுத்துரு இருக்கக்கூடும். அரட்டைச் செயலியிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ ஒட்டிய சரத்தில் சுழிய அகல இடைவெளி ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. யூனிகோடில் அதன் எண் தசமத்தில் 8203. ஜாவாஸ்கிரிப்டின் ‘டிரிம்’ முறியா இடைவெளியை நீக்கும், இதை நீக்காது. ஆகவே ‘நான் டிரிம் செய்துவிட்டேன்’ என்பது போதுமான விடை ஆகாது. ஒவ்வோர் எழுத்துருவின் எண்ணையும் அச்சிட்டால்தான் ஐயம் தீரும்.

அச்சில் 14 வந்தால் இரண்டு காரணங்களில் ஒன்று. முதல் எழுத்துரு மேற்கோள் குறியாக இருந்தால், பயன்பாட்டுக்கு அமைப்பு மதிப்புகளைத் தரும் சூழல் கோப்பில் இட்ட மேற்கோள்கள் நீக்கப்படாமல் மதிப்போடு சேர்ந்துவிட்டன. பயன்பாட்டைக் கொள்கலன் என்ற தனித்த சூழலுக்குள் இயக்கும் டாக்கரின் ‘ரன்’ கட்டளைக்குச் சூழல் கோப்பைக் கொடுக்கும்போது இது நடக்கும். பல கொள்கலன்களைச் சேர்த்து இயக்கும் டாக்கர் கம்போஸ் அதே கோப்பை வேறு விதமாகப் படித்து மேற்கோள்களை நீக்கிவிடும் என்பதால், ஒருவருடைய கணினியில் ஓடுவது இன்னொருவருடையதில் ஓடாது. மேற்கோள் இல்லையென்றால் இருமுறைக் குறியாக்கம் நடந்திருக்கலாம்: %40 என்பது மறுபடி குறியாக்கப்பட்டு %2540 ஆகி, ஒரு முறை மட்டும் விலக்கப்பட்டு, @ இருக்க வேண்டிய இடத்தில் %40 என்ற மூன்று எழுத்துருக்கள் நிற்கும்.

குறைவாக வந்தால் இடையில் எதுவோ தின்றுவிட்டது. நோட் (சேவையகத்தில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் மென்பொருள்) உலகில் சூழல் கோப்பைப் படிக்கும் டாட்என்வ் நூலகம், 2022இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து, மேற்கோள் இடாத மதிப்பில் # வந்தால் அதற்குப் பின்னுள்ளதைக் குறிப்புரையாகக் கருதி விட்டுவிடுகிறது. கம்போஸ் கோப்புக்குள் எழுதிய $ குறி, மாறியின் தொடக்கமாகப் படிக்கப்படும். அதை $$ என்று இரட்டிக்க வேண்டும்.

தரவுத்தள அமைப்பு மாற்றங்களை நிர்வகிக்கும் அலெம்பிக் கருவியைப் பயன்படுத்துவோருக்கு ஒரு தனிக் குறிப்பு. கடவுச்சொல்லை ஒழுங்காக %40 என்று மாற்றி, அதன் அமைப்புக் கோப்பில் இட்டதும் ‘இடைச்செருகல் வடிவம் செல்லாது’ என்று புதிய பிழை கிளம்பும். அந்தக் கோப்பைப் படிக்கும் பைதான் தொகுதிக்கு % ஒரு சிறப்புக் குறி என்பதே காரணம். %% என்று எழுதினால் தீரும்.

நீளம் சரியாகவே இருந்து, தரவுத்தளம் மோங்கோடிபியாகவும் இருந்தால், கடவுச்சொல்லை விட்டுவிட்டுப் பாதையைப் பாருங்கள். சரத்தின் இறுதியில் தரவுத்தளப் பெயர் கொடுத்தால், பயனரையும் அந்தத் தரவுத்தளத்திலேயே அது தேடும். பயனர் ‘அட்மின்’ தரவுத்தளத்தில் உருவாக்கப்பட்டிருந்தால், வினவல் பகுதியில் ‘ஆத்சோர்ஸ்’ மதிப்பாக அதைக் குறிப்பிட வேண்டும்.

அறிகுறி: என் கணினியில் இணைகிறது, கொள்கலனுக்குள் ‘இணைப்பு மறுக்கப்பட்டது’

ஹோஸ்ட் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றிருந்தால் விடை அதுவே. கொள்கலனுக்குள் அந்தப் பெயர் கொள்கலனையே குறிக்கும். கம்போஸில் சேவையின் பெயரை ஹோஸ்டாக எழுத வேண்டும். கொள்கலனே இல்லாமலும் இந்தப் பெயர் ஏமாற்றும். யுனிக்ஸ் கணினிகளில் மைஎஸ்கியூஎல் கிளையண்ட் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்பதை உள்ளூர் சாக்கெட் கோப்பாகவும், 127.0.0.1 என்பதை டிசிபி இணைப்பாகவும் கொள்கிறது. நோட் 17ஆம் பதிப்பிலிருந்து, பெயர்த் தேடலில் வரும் வரிசையை அப்படியே ஏற்பதால், அதே பெயர் ஐபிவி6 முகவரியான ::1 ஆக மாறிவிடக்கூடும். சேவையகம் ஐபிவி4இல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இணைப்பு மறுக்கப்படும்.

அறிகுறி: சரிபார்ப்பு பிழை எதுவும் தரவில்லை, ஆனால் ஹோஸ்ட் வெறுமையாக உள்ளது

‘லோக்கல்ஹோஸ்ட்:8080’ என்று நெறிமுறை இல்லாமல் எழுதினால், ஜாவாஸ்கிரிப்டின் யூஆர்எல் கட்டமைப்பான் பிழை எறியாது. முக்காற்புள்ளிக்கு முன்னிருப்பதை நெறிமுறையாகவும் 8080ஐப் பாதையாகவும் எடுத்துக்கொள்ளும். பைதான் 3.9 முதல் அங்கும் அப்படித்தான். ‘பிழை எறியவில்லை, ஆகவே சரி’ என்று எழுதிய சரிபார்ப்பு இந்த இடத்தில் பயனற்றதாகிறது. பிரித்த பிறகு, நெறிமுறை நாம் அனுமதித்த இரண்டு மூன்றில் ஒன்றுதானா, ஹோஸ்ட் வெறுமையாக இல்லையா என்று தனித்தனியே கேட்க வேண்டும். பைதானில் போர்ட் எண்ணையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். 65535ஐத் தாண்டிய எண்ணைப் பகுப்பான் முதலில் பேசாமல் ஏற்றுக்கொண்டு, அந்தப் பண்பை நாம் கேட்கும்போதுதான் பிழை தரும்.

ஜாவாவில் ஹோஸ்ட் வெறுமையாக வந்தால் பெயரில் அடிக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ‘கடை_தரவகம்’ போன்ற சேவைப் பெயரை டாக்கர் ஏற்கும். ஜாவாவின் யூஆர்ஐ வகுப்பு அதை ஹோஸ்ட் பெயராக ஏற்காமல் வெறுமையைத் திருப்பித் தரும். பைதான் வலைச் சட்டகமான ஜாங்கோவும் அத்தகைய ஹோஸ்ட் தலைப்பை மறுக்கிறது. சேவைகளுக்குப் பெயர் வைக்கும்போதே இடைக்கோடு போட்டுவிட்டால் இந்தத் தேடல் மிச்சம்.

அறிகுறி: தமிழில் எழுதிய முகவரி ஏற்கப்படவில்லை

இதை நான் மற்றவற்றைவிட அக்கறையோடு எழுதுகிறேன், ஏனெனில் இது பிற நாட்டு நூலகங்கள் தாமாகத் திருத்தித் தரும்வரை நாம் காத்திருக்கக்கூடிய பிழை அன்று. நம் நாட்டுக்கு .எல்கே தவிர .இலங்கை என்ற தமிழ் மேல்நிலைப் பெயரும், சிங்களத்தில் அதற்கு இணையானதும் உள்ளன; .இந்தியா, .சிங்கப்பூர் என்ற தமிழ்ப் பெயர்களும் உள்ளன. அப்படியிருக்க, கொழும்பிலேயே எழுதப்பட்ட ஒரு படிவம் ‘.இலங்கை’ என்று முடியும் முகவரியைச் ‘செல்லாத முகவரி’ என்று சொன்னால், அந்தத் தவறு நம்முடையது.

காரணம் பெரும்பாலும் ரெஜெக்ஸ், அதாவது சரம் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று குறிகளால் எழுதும் விதி. கடைசிப் பகுதி இரண்டு முதல் ஆறு ஆங்கில எழுத்துகளாக இருக்க வேண்டும் என்ற பழைய வடிவம் பல நிரல்களில் இன்னும் படியெடுத்து ஒட்டப்படுகிறது. சிலர் முகவரியை முதலில் பியூனிகோடாக (ஆங்கில எழுத்து, இலக்கம், இடைக்கோடு மட்டும் கொண்ட வடிவமாக) மாற்றிவிட்டு அதே ரெஜெக்ஸிடம் கொடுக்கிறார்கள். அதுவும் தோற்கும்: பியூனிகோடில் ‘இலங்கை’ 16 எழுத்துருக்கள் நீளம், அவற்றுள் இலக்கங்களும் இடைக்கோடுகளும் உண்டு.

இன்னும் சிலர், யூனிகோடின் ‘எழுத்து’ வகை முழுவதையும் அனுமதித்தால் தமிழும் அடங்கிவிடும் என்று எண்ணுகிறார்கள். இதைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். நாம் ‘இலங்கை’யை இ, ல, ங், கை என்று நான்கு எழுத்துகளாக எண்ணுகிறோம். யூனிகோடில் அது ஆறு குறியீடுகள்: இ, ல, ங, புள்ளி, க, ஐகாரக் குறி. இவற்றுள் புள்ளியும் ஐகாரக் குறியும் ‘எழுத்து’ வகையில் இல்லை. அவை ‘குறி’ வகையைச் சேர்ந்தவை. எனவே எழுத்து வகையை மட்டும் அனுமதிக்கும் ரெஜெக்ஸ், ‘இலங’ வரை பொருந்தி, புள்ளியில் நின்றுவிடும். பைதானின் வழமையான ரெஜெக்ஸ் தொகுதியில், சொல் எழுத்துருக்களுக்கான சுருக்கக் குறியும் இதே இடத்தில்தான் இடறுகிறது. மெய்யெழுத்தோ உயிர்மெய்க் குறியோ இல்லாத தமிழ்ச் சொற்கள் சிலவே என்பதால், இத்தகைய சரிபார்ப்பு ஏறக்குறைய எல்லாத் தமிழ்ப் பெயர்களையும் மறுத்துவிடும். ‘படம்’ என்ற சின்னச் சொல்கூடத் தப்பாது.

குறி வகையையும் சேர்ப்பது தற்காலிகத் திருத்தம். நிலையான வழி, ரெஜெக்ஸை விட்டுவிட்டு, பிற எழுத்துகளிலுள்ள பெயர்களைப் பியூனிகோடாக்கும் ஐடிஎன்ஏ நூலகத்தால் ஹோஸ்ட் பெயரை மாற்றி, அந்த மாற்றம் வெற்றி பெற்றதா என்பதையே சரிபார்ப்பாகக் கொள்வது. ஒவ்வொரு பகுதியும் 63 எண்மங்களுக்குள் (பைட்டுகளுக்குள்) இருக்க வேண்டும் என்று, பெயரை ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ் அமைப்பு விதிக்கும் வரம்பு மாற்றிய பிறகுள்ள வடிவத்துக்கே பொருந்தும்.

ஹோஸ்ட் சரியான பிறகு பாதையில் இன்னொரு சிக்கல் இருக்கலாம். ‘கொழும்பு’ என்ற சொல்லில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. முதல் வகையில் அந்தச் சொல் 8 குறியீடுகள். ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டுகள் என்பதால், விழுக்காட்டுக் குறியாக்கத்தில் 72 எழுத்துருக்கள். இரண்டாம் வகையில் 81. கணினிக்கு இவை இரண்டு வெவ்வேறு முகவரிகள்; ஒன்றில் பக்கம் வரும், மற்றதில் 404. சேமிக்கும் முன்னும் ஒப்பிடும் முன்னும் இரண்டையும் ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு இயல்பாக்கிவிடுங்கள். தரவுத்தளத்தில் முகவரிக்கு ஒதுக்கிய நெடுவரிசையின் அகலத்தையும் இந்தக் கணக்கைக் கொண்டு மறுபடி பாருங்கள். 255 என்று வைத்திருந்தால் மூன்று தமிழ்ச் சொற்களிலேயே நிரம்பிவிடும்.

அறிகுறி: நேரத்தை வினவலில் அனுப்பினால் ‘வடிவம் தவறு’

நம் நேர வலயம் +05:30 என்பதால் இது இலங்கையில் அடிக்கடி வரும். ‘2025-01-14 09:00+05:30’ என்ற மதிப்பை அப்படியே வினவலில் ஒட்டினால், மறுமுனையில் கூட்டல் குறி வெற்றிடமாகப் படிக்கப்பட்டு ‘09:00 05:30’ ஆகிறது. வினவலைச் சரங்களை ஒட்டிக் கட்டாமல், ஜாவாஸ்கிரிப்டில் ‘யூஆர்எல் சர்ச் பராம்ஸ்’, பைதானில் ‘யூஆர்எல்என்கோட்’ கொண்டு கட்டுங்கள். வெற்றிடத்தை மறுபடி கூட்டலாக மாற்றும் ஒட்டுவேலையைச் சேவையகத்தில் செய்ய வேண்டாம். இதனோடு தொடர்புடைய ஒன்று: +05:30 தவிர எதையும் ஏற்காத சரிபார்ப்பு எழுதியிருந்தால், பழைய பதிவுகளை ஏற்றும்போது உடையும். 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கையின் நேரம் முதலில் +06:30 ஆகவும் பின்னர் +06:00 ஆகவும் இருந்தது.

அறிகுறி: பொதிகளை மேம்படுத்திய மறுநாளே இணைப்பு உடைந்தது

பைதான் தரவுத்தள நூலகமான எஸ்கியூஎல்அல்கெமியின் 1.4ஆம் பதிப்பு, 2021இல், ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற சுருக்கப் பெயரைக் கைவிட்டது. ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’ என்று முழுமையாக எழுத வேண்டும். லிப்பிக்யூ இரண்டையும் ஏற்பதால், கட்டளைவரியில் இணைந்த அதே சரம் பயன்பாட்டில் மட்டும் தோற்கும். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் கிளையண்ட் 4.0இலிருந்து இணைப்பின் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) இயல்பாகவே கட்டாயமாகி, நம்பகமற்ற சான்றிதழ் என்ற பிழை வரும். ‘சான்றிதழை நம்பு’ என்ற தெரிவை இயக்கினால் பிழை மறையும், ஆனால் நடுவில் நின்று ஒட்டுக்கேட்பவரையும் அது நம்பிவிடும். மேம்பாட்டுக் கணினிக்கு மேல் அதை எடுத்துச் செல்லாதீர்கள்.

அறிகுறி: சில முகவரிகளில் மட்டும் சரிபார்ப்பு உறைந்துபோகிறது

செயலியின் பளு நூறு விழுக்காட்டை எட்டி, பிழையும் இல்லாமல் விடையும் இல்லாமல் நின்றால், ஒன்றுக்குள் ஒன்றாக மீள்குறிகள் (‘பலமுறை வரலாம்’ என்று சொல்லும் *, + போன்றவை) அடுக்கிய ரெஜெக்ஸ்தான் காரணமாக இருக்கும். பொருந்தாத நீண்ட சரம் வந்தால் அது எல்லாச் சேர்க்கைகளையும் பின்வாங்கிப் பின்வாங்கி முயலும். 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் என்ற வலைச் சேவை நிறுவனத்தின் வழியே சென்ற தளங்கள் 27 நிமிடங்கள் தடைப்பட்டது இத்தகைய ஒரே ஒரு ரெஜெக்ஸால்தான். முதலில் நீளத்தை வரம்பிடுங்கள், பிறகு பகுப்பானிடம் கொடுங்கள்.

அறிகுறி: மறுக்க வேண்டிய முகவரி ஏற்கப்படுகிறது

இதற்குப் பிழைச்செய்தி வராது. அணுகல் பதிவைப் பார்க்கும்போதுதான் தெரியவரும். ‘எச்டிடிபிஎஸ்://எங்கள்கடை.எல்கே’ என்று தொடங்கினால் ஏற்கலாம் என்ற விதி, ‘எச்டிடிபிஎஸ்://எங்கள்கடை.எல்கே@பிறர்தளம்’ என்பதையும் ஏற்கும். அங்கே நம் பெயர் வெறும் பயனர் பெயர். போய்ச் சேருவது பிறர்தளத்துக்கு. ‘எங்கள்கடை.எல்கே.பிறர்தளம்’ என்பதும் அதே விதியைத் தாண்டிவிடும். பிரித்தெடுத்த ஹோஸ்டை முழுச் சமமாக ஒப்பிடுவதே சரி. உலாவிகள் பின்சாய்கோட்டையும் சாய்கோடாகவே படிப்பதால், பின்சாய்கோடு உள்ள சரத்தை நேரடியாக மறுத்துவிடுங்கள்.

வாடிக்கையாளர் தரும் முகவரிக்கு நம் சேவையகமே அழைப்பு விடுக்கும் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 127.0.0.1 என்பதை எழுத்துவடிவில் தடுத்திருந்தால், 2130706433 என்று ஒரே எண்ணாக எழுதி அதே இடத்துக்கு வரலாம். மேகக் கணினிகளில் 169.254.169.254 என்ற முகவரி, அந்தக் கணினியின் தற்காலிகச் சான்றுகளையே தந்துவிடக்கூடும். ஆகவே பெயரை ஐபி முகவரியாக மாற்றி, அது உள் வலையமைப்பைச் சேராதது என்று உறுதி செய்து, உறுதி செய்த அதே ஐபிக்கே இணைய வேண்டும். மறுபடி பெயரைக் கொண்டு இணைந்தால், இடையில் டிஎன்எஸ் விடை மாறியிருக்கலாம். வழிமாற்றங்களைத் தானாகப் பின்தொடர விடாமல், ஒவ்வொன்றையும் மீண்டும் இதே சோதனைக்கு உட்படுத்த வேண்டும். மறுத்தவுடன் பதிவில் எழுதும்போது நெறிமுறை, ஹோஸ்ட், போர்ட் ஆகியவற்றோடு, எந்தப் பாகம் எந்த விதியால் மறுக்கப்பட்டது என்பதையும் எழுதுங்கள். பயனர் பகுதியையும் வினவலையும் எழுதாமல் விடுங்கள். கடவுச்சொல்லும் அணுகல் திறவுகோலும் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும்.